ஆஸ்பத்திரி பில்லும் டி.வி. சீரியலும்

(திருப்பதியில் நம் சங்க உறுப்பினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் போன் செய்து, "மாமா, ஆரோக்கியம் பற்றி அரை மணி நேரம் பேசணும்" என்றார். "நான் டாக்டர் இல்லையேப்பா" என்றேன். "அதனால்தான் கேட்கிறேன். டாக்டர்னா பயமுறுத்துவார். நீங்கள் பேசினால் ஜனங்கள் தூங்காமல் இருப்பார்கள்" என்றார். இரண்டாவது பாதி எவ்வளவு உண்மை என்று இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தூரில் பிறந்து வளர்ந்து, 1970-ல் இங்கே ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கினேன். கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் உறவு அதோடு சரி. பிறகு முப்பத்தைந்து வருஷம் மாநில அரசு உத்தியோகம், கணக்குப் பிரிவு. அதில் பல வருஷங்கள், ஊழியர்கள் அனுப்பும் மருத்துவச் செலவு பில்கள் என் மேஜைக்கு வரும். டாக்டர்கள் ஆஸ்பத்திரியை நோயாளியின் உடம்பு வழியாகப் பார்க்கிறார்கள். நான் பில் வழியாகப் பார்த்தவன். 2008-ல் ரிடையர் ஆன பிறகு, வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே டி.வி. சீரியல் வழியாகவும் பார்க்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கெமிஸ்ட்ரி வாத்தியார் கதை

சில வருஷங்களுக்கு முன் நியூஜெர்சியில் என் பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். பேரன் ஒரு நாள், "தாத்தா, நீ கெமிஸ்ட்ரிதானே? உன் ஆள் ஒருத்தர் கதை இருக்கு, வா" என்று உட்கார்த்தி வைத்தான். 'பிரேக்கிங் பேட்' என்கிற சீரியல். 2008 முதல் 2013 வரை வந்தது. நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி ஆசிரியர். பரம சாது. அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிகிறது. கையில் இருக்கிற இன்ஷூரன்ஸில் நல்ல டாக்டரிடம் போக முடியாது. சிகிச்சைக்கும் பணம் வேண்டும், தனக்குப் பின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் பணம் வேண்டும். படித்த கெமிஸ்ட்ரியை வைத்து மனுஷர் போதை மருந்து தயாரிக்க இறங்கிவிடுகிறார். அதிலிருந்து ஐந்து சீஸன் கதை.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை பெண்ணிடம் போனில் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "மாமா, எங்க ஊர்ல இந்தக் கதை முதல் வாரமே முடிஞ்சுடும். அவருக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு லெட்டர் வரும், இந்தத் தேதிக்கு வாங்கோன்னு. போவார். பைசா கட்ட வேண்டாம். அவ்வளவுதான்."

"பேஷ்" என்றேன்.

"இருங்கோ. அந்தத் தேதி எப்போங்கறதுதான் எங்க ஊர்ல கதை. என் மாமியார் முட்டி ஆபரேஷனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல காத்துண்டிருக்கார்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தேசத்தில் வைத்தியத்துக்கு எங்கே முட்டுக்கட்டை விழுகிறதோ, அங்கேதான் அந்தத் தேசத்தின் கதையும் பிறக்கிறது. அமெரிக்காவில் பில். இங்கிலாந்தில் காத்திருப்பு. சரி, நம்மிடத்தில்? அதற்கு வருவதற்கு முன், வெளியூர்களை ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

கதை முந்தியா, திட்டம் முந்தியா?

இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5-ம் தேதி ஆரம்பமானது. கொண்டு வந்தவர் அன்யூரின் பெவன் என்கிற மந்திரி. வேல்ஸ் பகுதியில் ட்ரெடிகர் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் பிறந்தவர். அந்த ஊரில் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் சிறு தொகை போட்டு, டாக்டர் வைத்துக் கொள்ளும் ஒரு சங்கம் நடத்தினார்கள். நம் ஊர் சீட்டுக் கம்பெனி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கே 1920-களில் வேலை பார்த்த ஒரு இளம் டாக்டர் பிற்பாடு நாவலாசிரியர் ஆனார். அவர்தான் ஏ.ஜே. க்ரோனின். 1937-ல் அவர் எழுதிய 'தி ஸிடாடெல்' நாவலில், ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கப் போன டாக்டர் ஒருவர் பணக்கார நோயாளிகளின் பின்னால் போய்த் தடம் மாறுகிறார். நாவல் ஏகமாய் விற்றது. பதினொரு வருஷத்தில் தேசிய சேவை வந்தது. நாவலால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜனங்களின் மனசை அது தயார் செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. இதே கதையைத்தான் தேவ் ஆனந்த் நடிக்க 'தேரே மேரே ஸப்னே' என்று 1971-ல் ஹிந்தியில் எடுத்தார்கள். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

1986-ல் பி.பி.ஸி.யில் 'காஷுவல்டி' என்று ஒரு தொடர் ஆரம்பித்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் கதை. இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது! அதில் யாரும் பில்லைப் பார்த்து மயங்கி விழுவதில்லை. படுக்கை இல்லை, நர்ஸ் போதவில்லை, டாக்டர் மூன்று நாளாகத் தூங்கவில்லை, இதெல்லாம்தான் சிக்கல். 'எங்கள் ஆட்சியைக் குறை சொல்கிறார்கள்' என்று அப்போதைய ஆளும் கட்சிக்காரர்களே கோபித்துக் கொண்டார்கள். ஆனால் அதே தேசம் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் என்ன செய்தது? ஆஸ்பத்திரிக் கட்டில்களையும் நர்ஸ்களையும் மைதானத்தில் இறக்கி, 'இது எங்கள் பெருமை' என்று உலகத்துக்கே காட்டியது. திட்டவும் செய்வார்கள், விட்டுக் கொடுக்கவும் மாட்டார்கள். வீட்டுப் பெரியவர்களை நாம் நடத்துகிற மாதிரி!

கனடாவில் சஸ்காட்சுவன் மாகாணத்தில் 1962-ல் எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வந்தபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டத்துக்கு அடிகோலியவர் டாமி டக்ளஸ். 2004-ல் கனடா டி.வி. 'நம் தேசத்தின் மிகப் பெரிய மனிதர் யார்?' என்று ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டது. முதலிடம் அவருக்கு! ஆஸ்பத்திரி பில்லை ஒழித்தவருக்கு.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 1965-லேயே மெடிகேர் வந்துவிட்டது. மற்றவர்கள் பாடு வேலை செய்யும் கம்பெனியைப் பொறுத்தது. 1993-ல் அதிபர் கிளின்டன் எல்லாருக்கும் காப்பீடு என்று திட்டம் போட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சங்கம் என்ன செய்தது தெரியுமா? டி.வி.யில் ஒரு விளம்பரம். ஹாரி, லூயிஸ் என்று ஒரு கணவன் மனைவி. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, 'இந்தத் திட்டம் வந்தால் நம் இஷ்டப்படி எதையும் தேர்ந்தெடுக்க முடியாதே' என்று கவலைப்படுவார்கள். அவ்வளவுதான் விளம்பரம். 1994 செப்டம்பரில் திட்டம் செத்தது. அதே மாதம்தான் 'ஈ.ஆர்.' என்ற புகழ் பெற்ற ஆஸ்பத்திரித் தொடர் ஆரம்பித்தது. 15 வருஷம் ஓடியது. 2002-ல் 'ஜான் க்யூ' என்று ஒரு படம். பிள்ளையின் இருதய மாற்று ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் கை கொடுக்காததால், அப்பா துப்பாக்கியோடு ஆஸ்பத்திரியையே பிடித்து வைத்துக் கொள்கிறார். 2010-ல் ஒபாமா சட்டம் வந்து நிலைமை ஓரளவு மாறியது. சர்ச்சை ஓயவில்லை.

ஜப்பானில் 1961-லிருந்தே எல்லாருக்கும் காப்பீடு. எந்த சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. அப்படியானால் கதைக்கு எங்கே போவார்கள்? யாமசாகி டொயோகோ என்ற பெண்மணி 1960-களில் எழுதிய 'வெள்ளைக் கோபுரம்' என்ற நாவல் அங்கே பல முறை டி.வி. தொடராக வந்திருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் புரொபஸர் நாற்காலி யாருக்கு என்பதுதான் சண்டை. பெரிய டாக்டர் முன்னே நடக்க, பின்னால் இருபது பேர் சாமி புறப்பாடு மாதிரி வருவார்கள். நாமும் பார்க்காத காட்சியா!

நம் ஊர் முடிச்சு

இப்போது நம் கதைக்கு வருவோம். 1962-ல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஏறக்குறையப் படம் முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கும். கதாநாயகன் டாக்டர், நோயாளியோ அவர் முன்பு விரும்பிய பெண்ணின் கணவர். எவ்வளவு அழுதோம்! ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கதையின் முடிச்சில் பணம் இல்லை. கடமையா, காதலா என்பதுதான் முடிச்சு. அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது. பைபாஸ் ஆபரேஷன் அமெரிக்காவிலேயே 1967-க்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது. பெரிய செலவு செய்யப் பெரிய சிகிச்சையே இல்லை. சித்தூரில் எங்கள் அகத்தில் யாருக்காவது முடியவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி. அதற்கும் மீறினால் பஸ் ஏறி வேலூர், ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ல் தொடங்கிய சி.எம்.சி. அதற்கும் மீறினால், மேலே ஏழுமலையான்.

1983-ல் சென்னையில் அப்போலோ வந்தது. அதை நிறுவிய டாக்டர் பிரதாப் ரெட்டி, காணிப்பாக்கத்துக்கு அருகில் உள்ள நம் அரகொண்டாக்காரர் என்பது இந்தச் சபைக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குப் போக வேண்டியிருந்த ஆபரேஷன்கள் இங்கேயே நடக்க ஆரம்பித்தன. அது பெரிய காரியம். கூடவே, 'பணம் இருந்தால் பிழைக்கலாம்' என்ற புது நிலைமையும் வந்தது. பணம் இல்லாதவனுக்கு அது எப்பேர்ப்பட்ட சித்திரவதை! முன்பு 'பகவான் கூப்பிட்டுட்டார்' என்று மனசைத் தேற்றிக் கொள்ளலாம். இப்போது 'நம்மால முடியலையே' என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்து கொண்டது.

அங்கே பிறந்ததுதான் நம் ஊர் முடிச்சு. தெலுங்கோ, தமிழோ, எந்தச் சீரியலிலும் இந்தக் காட்சி உண்டு. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டே, "சாயங்காலத்துக்குள்ள பத்து லட்சம் கட்டணும்" என்பார். கதாநாயகி தாலிச் சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பாள். வில்லன் செக் புத்தகத்தோடு வருவான். ஒருத்தர் பிள்ளையார் கோவிலில் மணியடிப்பார். இதை ஆறு வாரம் இழுப்பார்கள். சில சீரியல்களில் கதாநாயகனே டாக்டர். 2019 முதல் 2023 வரை வந்த 'பாரதி கண்ணம்மா'வில், ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் தீரக் கூடிய சந்தேகத்தை டாக்டருக்குப் படித்த மனுஷர் வருஷக் கணக்கில் மனசிலேயே வைத்துக் கொண்டிருந்தார். தெலுங்கில் 'கார்த்தீக தீபம்'. கதை அதேதான். இரண்டையும் ஒரே ஆர்வத்தோடு பார்த்த பெண்மணி எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும்.

திரை முதலா, கோட்டை முதலா?

சிரிப்பு இருக்கட்டும். 2002-ல் 'ரமணா' வந்தது. செத்துப் போன ஒருவரின் உடலைக் கொண்டு போய்ச் சேர்க்க, ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்தியம் செய்வதாகச் சொல்லிப் பணம் கறக்கிறார்கள். 2003-ல் அதே கதை தெலுங்கில் 'டாகூர்', சிரஞ்சீவி நடித்தார். தியேட்டரில் அந்தக் காட்சிக்கு எழுந்த கைதட்டல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஜனங்கள் ஏன் தட்டினார்கள்? அரசாங்கக் கணக்குப்படி 2004-05-ல் நம் தேசத்தில் மருத்துவத்துக்குச் செலவான ஒவ்வொரு 100 ரூபாயிலும் 69 ரூபாய் ஜனங்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுத்தது. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ரசீது இருந்தது. அந்த ரசீதுதான் கை தட்டியது. எல்லா டாக்டரும் அப்படியா என்றால், இல்லவே இல்லை. நல்ல டாக்டர்கள் பலர் அந்தக் காட்சியால் வேதனைப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2007 ஏப்ரலில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஆந்திரத்தில் ஆரோக்யஸ்ரீ திட்டத்தைத் தொடங்கினார். முதலில் மூன்று மாவட்டங்கள். 2008-க்குள் மாநிலம் முழுவதும். வெள்ளை ரேஷன் கார்டு இருந்தால் பெரிய ஆபரேஷன்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரியிலும் பணம் கட்ட வேண்டாம். அதற்கு முன் 'என் குழந்தைக்கு இருதய ஆபரேஷன், உதவுங்கள்' என்று முதல்வர் நிவாரண நிதிக்கு வந்து குவிந்த மனுக்கள்தான் இந்த யோசனைக்கு வித்து. 2009 செப்டம்பர் 2-ம் தேதி அவர் ஹெலிகாப்டர் விபத்தில் காலமானதும், நம் சித்தூர் மாவட்டத்து நிகழ்ச்சிக்கு வரும் வழியில்தான். அதே 2009 தேர்தலில் திருப்பதியில் ஜெயித்தவர் யார்? 'டாகூர்' சிரஞ்சீவி. பத்து வருஷம் கழித்து, 2019 பிப்ரவரியில், தேர்தலுக்கு இரண்டு மாதம் முன், ராஜசேகர ரெட்டியின் பாதயாத்திரையை வைத்து 'யாத்ரா' என்ற படம் வந்தது. சினிமாவிலிருந்து கோட்டைக்கு, கோட்டையிலிருந்து மறுபடி சினிமாவுக்கு!

திட்டத்தின் பெயரும் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. ராஜீவ் ஆரோக்யஸ்ரீ, என்.டி.ஆர். வைத்ய சேவை, ஒய்.எஸ்.ஆர். ஆரோக்யஸ்ரீ, 2024-க்குப் பின் மறுபடி என்.டி.ஆர். வைத்ய சேவை. சீரியலில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று போடுவார்களே, அது போல.

தமிழ்நாட்டில் 2017 தீபாவளிக்கு 'மெர்சல்'. சிங்கப்பூரில் 7 சதவீத ஜி.எஸ்.டி. வாங்கிக் கொண்டு வைத்தியம் இலவசமாய்த் தருகிறார்கள், இங்கே 28 சதவீதம் வரை வாங்கியும் தருவதில்லை என்ற பொருளில் ஒரு வசனம். பா.ஜ.க. தலைவர்கள் அதை வெட்டச் சொன்னார்கள். படத்தின் சான்றிதழை ரத்து செய்யக் கேட்ட மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பத்து நாள் டி.வி.யில் வேறு பேச்சில்லை. ஆனால் இரு தரப்பு வாதத்திலும் அமுங்கிப் போன விஷயம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வைத்தியம் இலவசம் இல்லை! 1984 முதல் அங்கே மெடிசேவ் என்று, சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடித்து அவரவர் கணக்கில் வைத்து, அதிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிறார்கள். அரசாங்க மானியம் உண்டு, இலவசம் என்பது தவறு. கணக்குப் பிரிவுக்காரனுக்கு இதைப் பார்த்துக் கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

கதையில் வராதது

இதுவரை சொன்னதில் ஒன்றைக் கவனித்தீர்களா? கதைக்கு வேண்டியது ஆபரேஷன். சிவப்பு விளக்கு. ஓட்டம். நாம் அழுவதும் அதற்குத்தான், கைதட்டுவதும் அதற்குத்தான், ஓட்டுப் போடுவதும் அதற்குத்தான். அதனால் திட்டங்களும் பெரும்பாலும் அதற்கே வருகின்றன. தினம் காலையில் ஒரு பி.பி. மாத்திரை போட்டுக் கொண்டு இருபது வருஷம் ஒன்றும் ஆகாமல் இருக்கும் மனிதரை வைத்து எந்த டைரக்டர் சீரியல் எடுப்பார்? 'ஒன்றும் ஆகவில்லை' என்பது கதையே ஆகாதே! ஆரோக்யஸ்ரீ வந்த போதே, ஆபரேஷனுக்குப் பணம் இருக்கிறது, சாதாரணக் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் புறநோயாளிக்கு என்ன வழி என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்விக்குக் கைதட்டல் குறைவு.

இதில் நானும் குற்றவாளிதான். 1990-களில் என் அலுவலகத்தில் ஒரு ரெக்கார்டு அஸிஸ்டென்ட், மாதாமாதம் வாங்கிய பி.பி. மாத்திரைக்கு 340 ரூபாய் பில் போட்டார். 'ஆஸ்பத்திரியில் படுத்து சிகிச்சை பெற்றதற்குச் சான்று இல்லை' என்று சிவப்பு மையில் ஆட்சேபணை எழுதித் திருப்பினேன். விதியை நான் படித்துக் கொண்டவரை அதுதான் சரி. அவர் மறுபடி பில் போடவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. ஐந்தாறு வருஷம் கழித்து அவருடைய மனைவி ஒரு பில்லோடு வந்தார். பக்கவாதம். லட்சத்துக்கு மேல். எல்லா சான்றும் சரியாக இருந்தது. ஒரே வாரத்தில் பாஸ் செய்தேன். அந்த அம்மாள் கை கூப்பி, "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்" என்றார். வீட்டுக்கு வந்து அந்த 340 ரூபாய் ஞாபகம் வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது ஊரார் விஷயம் என்று விட்டிருப்பேன். சொந்த அக்காவிடமும் அதே பாடம் காத்திருந்தது. சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் அக்காவும் அத்திம்பேரும் இருந்தார்கள். ஒரு இலவச முகாமில் அக்காவுக்கு பி.பி. ஜாஸ்தி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் பண்ணலையேடா. பி.பி.ன்னா மார்பைப் பிடிச்சுண்டு விழணுமோன்னோ?" என்று நிறுத்திவிட்டாள். சீரியலில் அப்படித்தான் காட்டுவார்கள். நிஜத்தில் ரத்தக் கொதிப்பு சத்தமே போடாது. உள்ளே சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக் கொண்டே போகும். எட்டு வருஷம் கழித்து, 2009-ல், ஒரு நாள் மூச்சு முட்டி விழுந்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "சாயங்காலத்துக்குள் 60,000 கட்டுங்கள்" என்றார்கள். நான் பேங்குக்கு ஓடி டெபாஸிட்டை உடைத்தேன். திரும்பி வந்தபோது ஸ்ட்ரெச்சரில் இருந்த அக்கா என்னைப் பார்த்து, "நம்ம கதையும் சீரியல் மாதிரி ஆயிடுத்தேடா" என்றாள். பிறகு மூன்று வருஷம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிஸிஸ். 2012-ல் போய்ச் சேர்ந்தாள். மாத்திரைக்கு அன்று மாதம் ஐம்பது ரூபாய்கூட ஆகியிருக்காது.

வழி இல்லாமல் இல்லை

நம் திருப்பதி பாக்கியம் செய்த ஊர். பில்லும் இல்லாமல், வரிப் பணமும் இல்லாமல், தர்மம் என்கிற மூன்றாவது வழி இங்கே உண்டு. தேவஸ்தானம் 1985-ல் தொடங்கிய பர்டு ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள்! 1993-ல் ஸ்விம்ஸ். 2021 அக்டோபரில் குழந்தைகளுக்கான பத்மாவதி இருதய மருத்துவமனை. பக்தர்கள் போட்ட காணிக்கை ஒரு குழந்தையின் மார்புக்குள் துடிக்கிறது என்றால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதே ஊரில்தான் 2021 மே 10-ம் தேதி ராத்திரி, ரூயா அரசு ஆஸ்பத்திரிக்கு ஆக்ஸிஜன் டேங்கர் வரத் தாமதமாகி 11 பேர் உயிரிழந்தார்கள். டாக்டர் இருந்தார், கட்டில் இருந்தது. லாரி வரவில்லை. லாரி நேரத்துக்கு வருகிற நாளெல்லாம் அது செய்தியாவதில்லை.

சத்தமில்லாத காரியங்களையும் சிலர் செய்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கி வினியோகிக்கத் தமிழ்நாடு 1994-ல் தனிக் கழகமே அமைத்தது. ராஜஸ்தானில் சித்தோர்கட் மாவட்டத்தில் (நம் சித்தூர் இல்லை) கலெக்டராக இருந்த ஒரு டாக்டர், மலிவு விலை ஜெனரிக் மருந்துகளைப் பரப்பினார். அதை ஆமிர் கான் 2012-ல் 'ஸத்யமேவ ஜயதே' நிகழ்ச்சியில் காட்டினார். ஒரு மாதத்துக்குள் பார்லிமென்ட் குழு அவரை அழைத்துக் கேட்டது. ஆக, மாத்திரையையும் கதையாக்க முடியும், மனசு வைத்தால். 2021 ஆகஸ்டில், நம் குப்பத்துக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. அக்காவுக்கு இது கிடைக்கவில்லை. மருத்துவச் செலவில் ஜனங்களின் கைப்பணம் 100-க்கு 69 என்றேனே, 2021-22 கணக்கில் அது 39 ஆகியிருக்கிறது. இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்க வேண்டும்.

முடிப்பதற்கு முன், வெவ்வேறு ஊர்களில் இதைப் படிக்கப் போகும் உறுப்பினர்களையும் மனதில் வைத்துச் சில வேண்டுகோள்கள். 2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல், ஆயுஷ்மான் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழி உண்டு. ஆதார் கார்டை எடுத்துக் கொண்டு போய், உங்கள் மாநிலத்தில் நடைமுறை என்ன என்று விசாரித்துப் பதிவு செய்யுங்கள். சி.ஜி.எச்.எஸ். போன்ற அரசுத் திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளைகள் உங்களுக்குக் காப்பீடு எடுத்திருந்தால், அந்தப் பாலிஸி எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியட்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மேல் இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. பழைய தொகையையே கட்டிக் கொண்டிருக்காதீர்கள். மூன்றாவது, நம் சங்கத்துக்கு. அவசர ஆபரேஷனுக்கு நிதி திரட்டுகிறோம், நல்லது. கூடவே, தனியாக இருக்கும் வயதானவர்களின் மாதாந்திர மாத்திரைக்கும் ஒரு சிறு நிதி வைப்போம். அதற்குப் போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போட முடியாதுதான். பரவாயில்லை. முதல் தொகையாக, அன்று நான் திருப்பிய 340 ரூபாய்க்குப் பத்து மடங்கு, 3,400 ரூபாயைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

கடைசியாக ஒன்று. ஹாலின் பின்னால் பெண் ஒருத்தி பி.பி. மெஷினோடு உட்கார்ந்திருக்கிறாள். நம் உறுப்பினரின் மருமகள், நர்ஸ். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிஷம் கையை நீட்டிவிட்டுப் போங்கள். 'எனக்கு ஒண்ணும் பண்ணலையே' என்பவர்கள் முதலில் போகவும்.